கிதாரின் கரிய விரற்பலகை

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம் தம்பியின் மகன், பள்ளி இறுதித் தேர்வில் தேறியதும், தனக்குக் கிதார் ஒன்று வேண்டுமென்று கேட்டான். அலுவல் நிமித்தமாக அப்போது நாம் அந்நகருக்குச் சென்றிருந்தோம். பெரியப்பா என்ற முறையில் அதை வாங்கித் தரும் பொறுப்பும் நம்மையே சேர்ந்தது. லால்பஜாரை அடுத்து இசைக்கருவிக் கடைகள் வரிசையாக உள்ள தெருவில் பையனோடு ஏறி இறங்கினோம். இறுதியில் ஒரு கடையில், விலையும் கைக்கு அடங்கி, பார்வைக்கும் அழகாயிருந்த கருவி ஒன்று அகப்பட்டது. அதன் உடல் செம்பொன் நிறம். கழுத்தின்மேல் ஒட்டியிருந்த பலகையோ மைபோற் கறுத்து மினுமினுத்தது. “கருங்காலி” என்றார் கடைக்காரர். நம்பினோம்.

மூன்று வாரங்கள் சென்றன. ஒரு மாலை பையன் இடக்கையை நம் முன் நீட்டினான். விரல் நுனிகள் நான்கும் கரி பிடித்தாற்போல் இருந்தன. “பெரியப்பா, இது மரத்தின் கறுப்பு இல்லை, பூசின கறுப்பு” என்றான். பலகையைப் பார்த்தோம். முதல் மூன்று மெட்டுகளுக்கு இடையே, விரல் படும் இடங்களிலெல்லாம் பூச்சு தேய்ந்து, அடியிலிருந்த வெளிறிய மரம் சிறு சிறு நாணயங்களைப்போல் தெரிந்தது.

ஏமாந்தோம் என்ற வருத்தத்தைக் காட்டிலும் வேறொரு வினாவே நம்மை அதிகம் வாட்டியது. வேறு எந்த நிறமும் பூசாமல் கறுப்பையே தேர்ந்து பூசியது ஏன்? மரம் எதுவாயினும் ஒலி எழத்தானே செய்யும்? அந்தப் பலகை கறுப்பாய்த்தான் இருக்கவேண்டும் என்று எவர் விதித்தார்? இவ்வினாவுக்கு விடை தேடிச் சென்றபோது, ஐரோப்பியத் தச்சர்களின் பட்டறைகளிலிருந்து நம் நாட்டு மலைக்காடுகள் வரையிலும், அங்கிருந்து சுங்க அட்டவணையின் எண்கள் வரையிலும் நம்மை இட்டுச்சென்ற வரலாறு ஒன்று புலப்பட்டது. அதையே நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வீணைக்குத் தண்டி எப்படியோ கிதாருக்குக் கழுத்து அப்படி. எனினும் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வீணையில் தேன்மெழுகோடு கரி கலந்து கட்டிய இரு கரைகளின்மேல் 24 மெட்டுகளும் உயர்ந்து நிற்கின்றன. நரம்பை அழுத்தும் விரல் மெட்டின்மேலேயே தங்கிவிடும். கீழேயுள்ள மரத்தைத் தீண்டுவதில்லை. கிதாரிலோ மெட்டுகள் மரத்திலேயே பதிந்தவை; உயரமும் மிகக் குறைவு. நரம்பை அழுத்தும் ஒவ்வொரு முறையும் விரல் நுனியும் நகமும் மரத்தில் உராய்கின்றன. வியர்வை, எண்ணெய்ப் பசை, உலோக நரம்பின் துகள் யாவும் அம்மரத்திலேயே படிகின்றன. ஆதலால் கழுத்து இலேசான மரமாயிருப்பினும், அதன் முகத்தில் மட்டும் கடினமான வேறொரு மரத்தை ஒட்டவேண்டிய தேவை பழைய நாளிலேயே ஏற்பட்டது. அதற்கு உகந்ததாகக் கண்டதே கருங்காலி.

இங்கே ஒரு சிறு விலகல். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நம்போன்றோர்க்கு மரப்பெயர்கள் ஓயாத தொல்லை. கருங்காலி என்று தமிழில் வழங்கும் மரம் ஒன்றன்று. காசுக்கட்டி எடுக்கும் மரத்தையும் சில இடங்களில் அப்பெயரால் வழங்குவர். வணிகர் எபனி என்னும் மரமோ தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் வேறொன்று. நடு இந்தியாவில் பீடி சுற்றுவதற்கு இலை தரும் தெந்து மரத்துக்கு இது நெருங்கிய உறவு. அவ்வாறே ரோஸ்வுட் என்பதை ஈட்டி என்பார், தோதகத்தி என்பார், நூக்கு என்பார். கேரளத்தில் அதுவே வீட்டி. பெயர்க் குழப்பம் ஏட்டோடு நின்றால் நகைத்துவிட்டுப் போகலாம். பின்னொரு நாள் அது வழக்காகவும் முளைத்த கதையைப் பின்னர்ச் சொல்வோம்.

கருங்காலியின் கறுப்பு வைரத்தில் மட்டுமே உண்டு. வைரத்தைச் சூழ்ந்த வெளிமரம் வெளிறியதே. வைரமோ கல்லைப்போல் கனத்தது; பெரும்பாலும் நீரில் மிதவாது மூழ்கிவிடும். இழை மிக நெருக்கமாதலால் எந்தப் பூச்சும் வேண்டாமலே, தேய்க்கத் தேய்க்க மெருகேறும். விரலுக்கு ஈடுகொடுக்கும் வன்மையும், அழுக்கை வெளிக்காட்டாத நிறமும் ஒரே மரத்தில் அமைந்தது தச்சருக்குக் கிடைத்த பேறு.

கடல்வழி வாணிபம் பெருகியபின் இம்மரம் ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. டச்சுக்காரர் 1638-ல் மொரீஷியஸ் தீவில் குடியேறியபோது அவர்களை ஈர்த்த பொருள்களுள் அங்கிருந்த கருங்காலிக் காடும் ஒன்று. பாரிஸ் நகரில் உயர்தரத் தச்சுவேலை செய்வோர்க்கு எபனிஸ்த் என்றே பெயர் வழங்கலாயிற்று. கருங்காலியைக் கையாள்பவர் என்பது அதன் பொருள். பின்னாளில் அவர்கள் வேறு மரங்களில் வேலை செய்தபோதும் அப்பெயர் நீங்கவில்லை. ஒரு மரத்தின் மதிப்பு ஒரு தொழிலுக்கே பெயராய் நிலைத்தமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மதிப்புயர்ந்த பொருள் எதுவாயினும் அதற்குப் போலி தோன்றுவது உலக இயல்பு. அக்காலத்து லூட், வயலின் போன்ற கருவிகளைச் செய்தோர் சிலர், மலிவான இலேசு மரத்தால் பலகையைச் செய்து, மேலே மெல்லிய கருங்காலித் தகட்டை ஒட்டினர். இது செலவையும் குறைத்தது, கனத்தையும் குறைத்தது. இதை வஞ்சகம் என்று நாம் சொல்லமாட்டோம். தகட்டுக்கும் வழியில்லாதவர்கள் சாயத்தை நாடினர். பேரி மரம் இதற்குப் பெயர்போனது. இழை நெருங்கியது, நிறம் மெலிந்தது. சாயம் ஏறிவிட்டால் கருங்காலியா அன்றா என்று தேர்ந்த கண்ணும் திகைக்கும்.

அந்தச் சாயத்தின் செய்முறை நமக்குப் புதியதன்று என்பதே வியப்பு. மரத்தில் இயல்பாகத் துவர்ப்புச் சத்து உண்டு. புளிக்காடியில் இரும்புத் துகளை ஊறவைத்து எடுத்த நீரை அதன்மேல் தடவினால், துவர்ப்பும் இரும்பும் கூடிச் சிறிது நேரத்தில் மரம் கறுத்துவிடும். துவர்ப்புக் குறைந்த மரமாயின் முதலில் மாசிக்காய்க் கஷாயத்தையோ, மெக்ஸிகோவின் கம்பெச்சே கரையிலிருந்து வந்த சாயமரத்தின் சாற்றையோ பூசிப் பின்னர் இரும்பு நீரைத் தடவுவர். இதையேதான் நம் முன்னோர் மைக்கூட்டில் செய்தனர்: கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் எழுதும் மை. இதையேதான் காளஹஸ்தியில் கலம்காரித் துணி எழுதுவோர் செய்கின்றனர்: துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்து உலர்த்திவிட்டு, துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் பலநாள் புளிக்கவைத்து இறுத்த நீரை மூங்கிற் கலத்தால் தொட்டு எழுதினால், எழுதிய கோடு கண்முன்னே கறுக்கும். ஏடும் ஆடையும் இசைக்கருவியும் ஒரே இரசாயனத்தால் கறுத்தன என்க.

சாயத்துக்கும் பூச்சுக்கும் உள்ள வேற்றுமையை இவ்விடத்திலேயே குறித்துவிடுதல் நலம். சாயம் மரத்தின் உள்ளே புகுந்து அதன் அங்கமாகிறது. பூச்சு மரத்தின்மேல் தோலாய்ப் படிந்து நிற்கிறது. முன்னது தேயும்போது மெல்ல மங்கும். பின்னது தேயும்போது செதிலாய் உரியும். நம் பையனுடைய கருவியில் இருந்தது இரண்டாவது வகை.

கழுத்தின் பின்புறம் வேறு கதை. அங்கே கட்டைவிரல் வழுக்கிச் செல்லவேண்டும். வயலின் செய்வோர் உடல் முழுவதும் வார்னிஷ் பூசியும், கை படும் கழுத்தை மட்டும் பெரும்பாலும் வெறுமனே விட்டு, எண்ணெய் தேய்த்து நிறுத்தினர். ஸ்பெயின் நாட்டுக் கிதார்த் தச்சரோ உடலையும் கழுத்தையும் சாராயத்தில் கரைத்த அரக்கால் மெருகிட்டனர். துணிமூட்டையை அதில் தோய்த்து, வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கான முறை தேய்ப்பது அந்த முறை. இன்றைய கிதாரின் வடிவை வகுத்தவர் என்று போற்றப்படும் அந்தோனியோ தெ டோரஸ் (1817-1892) காலத்துக் கருவிகளுக்கெல்லாம் அதுவே மெருகு. அந்த அரக்கு எங்கிருந்து சென்றது? அதில் மிகப் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்தே சென்றது. சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில் புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து கசியவிடும் பிசினே அரக்கு. அதன் முதன்மை கருதியே 1924-ல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் அரக்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் நிறுவப்பட்டது. ஜார்க்கண்டில் பணிபுரியும் தமிழன்பர்கள் அந்தப் பக்கம் செல்லும்போது, செவில் நகரத்துக் கிதாரின் பளபளப்பு இந்தக் கிளைகளில் பிறந்தது என்று எண்ணிக்கொள்ளலாம்.

அரக்கு மெருகை விரற்பலகையின்மேல் எவரும் இடுவதில்லை. விரலின் வியர்வைக்கு அது ஈடுகொடாது. சில மாதங்களில் பிசுபிசுத்துப் போகும். உடலுக்கு மெருகு, பலகைக்கு வெறும் மரம் என்பது நெடுங்காலம் எழுதாச் சட்டமாய் நின்றது.

அச்சட்டத்தை முதலில் மீறியவர்கள் அமெரிக்காவின் மலிவுக் கருவித் தொழிற்சாலையினர். சிகாகோ நகரில் ஹார்மனி என்ற நிறுவனம் கிதார்களை ஆயிரக்கணக்கில் செய்து குவித்தது. அஞ்சல்வழி விற்பனையில் புகழ்பெற்ற சியர்ஸ் நிறுவனம் 1916-ல் அதனை வாங்கிக்கொண்டது. பட்டியற் புத்தகத்தைப் புரட்டி, பணம் அனுப்பி, பண்ணை வீட்டிலிருந்தபடியே கிதாரைப் பெற்றுக்கொள்ளும் காலம் பிறந்தது. அந்த விலைக்குக் கருங்காலி கட்டுபடியாகுமா? மேப்பிள் போன்ற வெளிறிய உள்நாட்டு மரங்களில் பலகை செய்து கறுப்புப் பூசினர். சிப்பியால் இழைக்கவேண்டிய இடப்புள்ளிகளைக்கூட வெள்ளைப் பூச்சால் வைத்துவிட்ட கருவிகளும் உண்டு. நாற்பதாண்டு வாசித்த அத்தகைய கருவிகளை இன்று படங்களில் பார்த்தால், முதல் மெட்டுகளின் இடையில் கறுப்பு அடியோடு போய்ப் பள்ளம் விழுந்திருக்கும். ஆயினும் ஏழைப் பண்ணையாட்களும், கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாடகர் பலரும் பாட்டுக் கற்றது இத்தகைய மலிவுக் கருவிகளில்தான். பூச்சு பொய், அதன்மேல் பிறந்த பாட்டு பொய்யன்று. இதை எண்ணியபோது, லால்பஜார்க் கடைக்காரர்மேல் இருந்த சினம் பாதி தணிந்தது.

பூச்சு குற்றமாகாத இடமும் ஒன்று உண்டு. ஹவாய்த் தீவுகளில் தோன்றிய கிதார் மரபில் கருவியை மடியில் கிடத்தி, நரம்பை விரலால் அழுத்தாமல், எஃகுக் கட்டை ஒன்றை நரம்பின்மேல் வழுக்கிச் செல்வர். அங்கே மெட்டு வெறும் அடையாளக் கோடு. பலகையை எவரும் தீண்டுவதில்லை. ஆதலால் மின்விசைக் கருவிகள் தோன்றிய 1930-களுக்குப்பின் அப்பலகையில் மெட்டுகளையும் புள்ளிகளையும் பல நிறங்களில் தீட்டியே விட்டனர். கொல்கத்தாவாசிகளுக்கு இது நன்கு தெரிந்த கருவி. ஹவாய் நாட்டவரான தாவ் மோ குடும்பத்தினர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்நகரில் தங்கி வாசித்தனர். அதன்பின் இரவீந்திரரின் கீதங்களை ஹவாயன் கிதாரில் வாசிப்பது வங்காள இல்லங்களில் ஒரு வழக்கமாகவே ஊன்றியது. சுனில் கங்குலி அக்கருவியில் வாசித்த திரைப்பாடல் இசைத்தட்டுகள் நாடெங்கும் ஒலித்தன. அதே வழியில் கிளைத்ததுதான் விசுவமோகன பட் அவர்களின் மோகன வீணை. 1994-ல் கிராமி விருது பெற்ற இசைத்தட்டில் ஒலித்தது அதுவே.

இனி, விரலால் அழுத்தும் கிதாரில் நேர்ந்த பெரிய மாறுதலுக்கு வருவோம். அதைச் செய்தவர் இசைவாணரும் அல்லர், தச்சரும் அல்லர். கலிபோர்னியாவின் புல்லர்டன் ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துவந்த லியோ பெண்டர் என்பவர். வானொலி நேயர்கள் இதனைக் கேட்டு மகிழ்வர் என்று நம்புகிறோம். 1950-ல் அவர் வெளியிட்ட கெட்டியுடல் மின்கிதாரில் தனி விரற்பலகையே இல்லை. கழுத்து முழுவதும் ஒரே மேப்பிள் துண்டு. மெட்டுகளை நேரே அதிலேயே அடித்து இறக்கினார். கழுத்து வளையாதிருக்க உள்ளே செலுத்தும் இரும்புக் கம்பிக்குப் பின்புறமாகப் பள்ளம் தோண்டி, வால்நட் மரக்கீற்றால் மூடினார். இதனால் வேலை எளிதாயிற்று, விலை குறைந்தது. ஆனால் மேப்பிள் வெளிறிய மரம். வெறுமனே விட்டால் வியர்வை பட்டுச் சில வாரங்களில் சாம்பல் பூத்துவிடும். ஆகவே கழுத்தையும் மெட்டுகளையும் சேர்த்து, நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைத் தெளித்துவிட்டார். நூற்றாண்டுகளாகக் கறுத்தே இருந்த விரற்பலகை, திடீரென்று எலுமிச்சை மஞ்சளாய் மேடையேறியது. புள்ளிகள் கறுப்பாயின.

கண்ணைக் கவர்ந்த அந்த மஞ்சளே தொல்லையாகவும் முடிந்தது. லாக்கர் தேய்ந்த இடங்களில் அழுக்கு ஏறிப் பலகை புள்ளி புள்ளியாய்க் கறுத்தது. தொலைக்காட்சி அமெரிக்க இல்லங்களில் புகுந்துவிட்ட காலம் அது. தம் கருவியின் அழுக்குக் கழுத்தைத் திரையில் கண்டு லியோ பெண்டர் முகஞ்சுளித்தார் என்று சொல்வதுண்டு. காரணம் எதுவாயினும், 1958-ல் வெளிவந்த ஜாஸ்மாஸ்டர் என்னும் கருவியில் ரோஸ்வுட் விரற்பலகை வந்தது. 1959-ல் அவருடைய மற்றக் கிதார்களும் அதற்கு மாறின. எந்த அழுக்கையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும் கபில நிறமும், பூச்சே வேண்டாத எண்ணெய்ப் பசையும் அம்மரத்துக்கு இயல்பு. மஞ்சளை விரும்புவோர் பின்னும் இருந்தனர். அவர்களுக்காக மேப்பிளும் பின்னாளில் திரும்பிவந்தது.

இங்கேதான் நம் காடுகள் கதைக்குள் நுழைகின்றன. அதுகாறும் மேலைநாட்டார் நாடியது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். 1960-களின் இறுதியில் பிரேசில் வெட்டுமரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. தன் மரத்தைத் தன் நாட்டிலேயே அறுக்கவேண்டும் என்பது அதன் கருத்து. பென்சில்வேனியா மாநிலத்தின் நாசரேத் ஊரில் 19-ஆம் நூற்றாண்டு முதலே கிதார் செய்துவரும் மார்ட்டின் நிறுவனம் 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. பிறரும் மாறினர். மேற்குத் தொடர்ச்சிமலையின் ஈட்டி மரம், நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் தலைமுறைகளாக நின்ற மரம், உலகக் கிதார்களின் முதுகாகவும் பக்கமாகவும் விரற்பலகையாகவும் மாறியது. பம்பாய்த் திரையிசைக் கூடங்களில் ஒலித்த எத்தனை வெளிநாட்டுக் கிதார்களில் நம் மலைமரம் ஊர் திரும்பியிருக்குமோ, யார் கண்டார்!

ஈட்டி விரைந்து வளரும் மரமன்று. பயன்தரும் வைரம் திரளப் பல பத்தாண்டுகள் ஆகும். இதனை உணர்ந்தே தமிழ்நாடு 1994-ல் ஈட்டி மரங்களைக் காப்பதற்கென்று தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. வெட்டுமரமாகவும் தடித்த பலகையாகவும் அதனை நாட்டுக்கு வெளியே அனுப்புவதை மைய அரசின் ஏற்றுமதி விதிகளும் தடுத்தன. நம் மரத்தை நம் கைவினைஞரே உருவாக்கி விற்கவேண்டும் என்ற நோக்கம் இதன் உள்ளே இருந்தது. பிரேசில் எண்ணியதும் இதுவே.

ஆனால், அறுத்துச் சீவிய விரற்பலகை மரமா, கருவியின் உறுப்பா? முன்னர்ப் பெயர்க்குழப்பம் வழக்காக முளைத்தது என்றோமே, அது இதுதான். பன்னாட்டுச் சுங்க அட்டவணையில் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அறுப்புமரத்துக்கு 4407 என்பது எண். அதற்கு உட்பட்ட மெல்லிய தகட்டுக்கு 4408. இசைக்கருவிகளின் உறுப்புகளுக்கு 9209. அமெரிக்கா 1900-ல் இயற்றிய லேசி சட்டத்தை 2008-ல் திருத்தி, பிறநாட்டுச் சட்டத்தை மீறி வந்த மரத்தையும் அதன்கீழ்க் கொண்டுவந்தது. மடகாஸ்கர் கருங்காலி குறித்து 2009-ல் கிப்சன் கிதார் நிறுவனம் சோதனைக்குள்ளானது. 2011 ஆகஸ்டு மாதத்தில் டென்னசி மாநிலத்திலுள்ள அதன் ஆலைகளில் மீண்டும் சோதனை நடந்தது. இம்முறை கைப்பற்றியவை இந்தியாவிலிருந்து சென்ற ஈட்டி, கருங்காலி விரற்பலகைகள். ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடித்தவை மெல்லிய தகடு என்று பதிவாகியிருந்தன என்பது அதிகாரிகளின் குற்றச்சாட்டு. 2012 ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டது: நிறுவனம் 3,00,000 டாலர் தண்டம் கட்டியது, 50,000 டாலரை இயற்கைப் பாதுகாப்புக்கென்று வழங்கியது, மடகாஸ்கர் மரத்தின்மேல் உரிமையைக் கைவிட்டது. இந்திய மரத்தைப் பற்றியோ, எந்த எண்ணின்கீழ் அது வரும் என்பதில் தெளிவின்மை இருப்பதாக இருதரப்பும் ஒப்புக்கொண்டன. ஒரு சொல்லை எப்படிப் பெயர்ப்பது என்று கோப்பின்முன் அமர்ந்து நாள்முழுதும் தயங்கிய அனுபவம் உடைய நமக்கு, அந்த ஒரு வரியைப் படித்தபோது ஏற்பட்ட உணர்ச்சியை விவரிக்க இயலாது. ஓர் எண்ணின் பொருளுக்காகக் கடல்கடந்து ஓர் ஆலையின் வாயில் மூடிக்கிடந்தது.

அந்நெருக்கடியில் கிப்சன் ஆலை சூளையில் சுட்டுப் பழுப்பாக்கிய மேப்பிளைச் சில காலம் பயன்படுத்தியது. காகிதத்தைப் பிசினில் ஊறவைத்து அழுத்திச் செய்த கரும்பலகையையும் கைக்கொண்டது. சுடுதலும் நிறமூட்டும் ஒரு வழியே. அதில் சாயமும் இல்லை, பூச்சும் இல்லை.

அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை 2017 ஜனவரி முதல் ஈட்டியின் இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கிதாரைத் தோளில் தொங்கவிட்டு நாடுவிட்டு நாடு செல்லும் இசைவாணரும் சீட்டு வாங்க நேருமோ என்று அஞ்சினர். 2019-ல் ஜெனீவாவில் கூடிய மாநாடு முடிவுற்ற இசைக்கருவிகளுக்கும் உறுப்புகளுக்கும் விலக்கு அளித்தது. நம் வடநாட்டு சீஷம் மரமும் அதே இனம். அம்மரத்தில் செதுக்குவேலை செய்யும் குடும்பங்கள் பட்ட துன்பத்தை இந்தியா எடுத்துரைக்க, 2022-ல் பனாமா நகரில் கூடிய மாநாடு, ஒவ்வொன்றும் 10 கிலோவுக்குக் குறைந்த பொருள்களை உடன்படிக்கைச் சீட்டின்றி ஒன்றுசேர்த்து அனுப்ப இடங்கொடுத்தது. சஹாரன்பூர்ப் பக்கம் வாழும் நேயர்கள் அந்தக் கைவினைஞரை அறிந்திருப்பர்.

கருங்காலிக்கு வந்த கதியைச் சொல்லாமல் விடலாகாது. அமெரிக்காவின் டெய்லர் கிதார் நிறுவனம் ஒரு ஸ்பானியக் கூட்டாளியுடன் சேர்ந்து 2011-ல் காமரூன் நாட்டின் யாவுண்டே நகரில் கருங்காலி அறுக்கும் ஆலை ஒன்றை வாங்கியது. அங்கே பாப் டெய்லர் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன செய்தி பலரையும் திடுக்கிடச் செய்தது. வெட்டிய மரங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் உள்ளே முழுக் கறுப்பு. ஏனையவற்றில் பழுப்புக் கீற்றுகள் ஓடும். வன்மையில் குறைவில்லை, நிறத்தில் மட்டுமே வேறுபாடு. வெட்டிப் பார்த்தாலன்றி உள்நிறம் தெரியாது. கீற்றோடிய மரத்தை வாங்குவார் இல்லாமையால், வெட்டியதைக் காட்டிலேயே அழுக விட்டுவிட்டு அடுத்த மரத்தை நாடினர். வயலின் தச்சரும் கிதார்த் தச்சரும் நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்த மாசற்ற கறுப்புக்கு விலை, ஒன்றுக்கு ஒன்பதாய் வீழ்ந்த மரங்கள். அதன்பின் அந்த ஆலை கீற்றோடிய மரத்துக்கும் நல்ல விலை கொடுத்து வாங்கியது. நிறுவனம் தன் உயர்ந்த கிதார்களிலேயே அதைப் பதித்து விற்றது. 2016 முதல் கருங்காலிக் கன்றுகளையும் நடச்செய்தது. கருங்காலிப் பழத்தைத் தின்னும் காட்டுயானைகள் அதன் விதையைச் சாணத்தோடு தொலைவில் இட்டுக் காக்கின்றன என்றும், யானை குறைந்த காட்டில் இளங்கன்று அரிது என்றும் அங்கு நடந்த ஆராய்ச்சி 2025-ல் வெளியாயிற்று.

நம் பையனின் கிதாருக்குத் திரும்புவோம். கடைக்காரரிடம் சென்று வழக்காடும் துணிவு நமக்கு இல்லை. பையனே விசாரித்து, கருவி பழுதுபார்க்கும் முதிய மிஸ்திரி ஒருவரிடம் அதைக் கொண்டுசென்றான்; நாமும் உடன்போனோம். அவர் நரம்புகளைக் கழற்றிவிட்டு, பலகையை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். “தாதா, மறுபடியும் கறுப்பு அடித்தால் இன்றே தருகிறேன், மூன்று மாதத்தில் மறுபடியும் வருவீர்கள்” என்றார். வேறு வழி உண்டோ என்றோம். “ஹரீத்தகி” என்றார். கடுக்காய்க்கு வடமொழிப்பெயர் அது. கஷாயம் தடவி, உலரவிட்டு, ஆணிகளைப் புளிக்காடியில் ஊறப்போட்டு வைத்திருக்கும் நீரை மேலே தடவுவது அவர் தகப்பனார் காட்டிய வழியாம். ஆனால் இந்த மரம் சீராகச் சாயம் குடிக்காது, திட்டுத்திட்டாக வரும் என்றும் முன்னதாகவே சொல்லிவிட்டார்.

பையன் சிறிது நேரம் எண்ணினான். “வரட்டும், பெரியப்பா” என்றான்.

ஒரு வாரத்தில் கருவி வந்தது. பூச்சை முழுவதும் உரித்து, மெட்டுகளின் ஓரங்களைச் சீர்செய்து, சாயமேற்றி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்திருந்தார். கறுப்பு என்று சொல்லமுடியாது. மழைக்கால மேகம்போல் ஓரிடம் கருத்தும் ஓரிடம் வெளுத்தும் இருந்தது. ஐந்தாம் மெட்டின் அருகே பழுப்புக் கீற்று ஒன்று நீளமாக ஓடியது. நாம் தில்லிக்குத் திரும்பும் நாளன்று பையன் ஒரு பாட்டின் முதலடியை மட்டும் வாசித்துக் காட்டினான். விரல் நுனிகளை வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்து, அதையும் காட்டினான். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.